தனியாகப் போவதா, கூட்டாளியோடு போவதா? எலஹெர மாணிக்கக் குழிகளும் ஒரு பழைய கேள்வியும்

தம்புள்ளை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் தெரியும். ஒன்று குகை விகாரை, மற்றது மரக்கறிச் சந்தை. ஆனால் இங்கிருந்து தெற்கே நாவுலப் பக்கம் இறங்கி கிழக்கே திரும்பினால், அம்பன் கங்கையும் களு கங்கையும் நக்கிள்ஸ் மலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்ணில் இன்னொரு உலகம் இருக்கிறது. அதுதான் எலஹெர. இலங்கையில் இரத்தினபுரிக்கு அடுத்தபடியாகப் பேசப்படுகிற மாணிக்கக்கல் வயல்களில் ஒன்று. நீலக்கல், ஸ்பினல், கார்னெட், வைடூரியம் எல்லாம் அந்த மண்ணிலிருந்து வந்திருக்கின்றன. நிர்வாகக் கணக்கில் எலஹெர பொலன்னறுவை மாவட்டம். ஆனால் மாணிக்கத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது தானே. அது மாத்தளைப் பக்கமும் பரந்து கிடக்கிறது.

அந்தப் பக்கம் போய் வந்த பெடியன்கள் எங்கள் வயதில் நிறையப் பேர். அவர்களிடம் பேசினால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: காட்டுக்குள் கல் தேடப் போகிறவன் தனியாகப் போவது நல்லதா, கூட்டாளியோடு போவது நல்லதா? தனியாகப் போனால் கிடைப்பது முழுக்க உனக்கு. ஆனால் குழி சரிந்தால் யார் இழுத்தெடுப்பது? கூட்டாளியோடு போனால் கை கொடுக்க ஆள் உண்டு. ஆனால் கல் கிடைத்த அன்றைக்கு அந்த ஆள் கூட்டாளியாகவே இருப்பானா?

இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தோம்.

முதலில் அரசன் இருந்தான்

மாணிக்கம் தேடுவது எந்தக் காலத்திலும் தேடுகிறவனுக்கும் மண்ணுக்கும் இடையில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாஹியான், மணிகள் கிடைக்கிற ஓர் இடத்தை அரசன் காவல் போட்டு வைத்திருந்தான் என்று எழுதினார். பத்து மணி எடுத்தால் அதில் மூன்று அரசனுக்கு. 1344இல் வந்த இப்னு பதூதா வேறொரு முறையைச் சொன்னார். நிலத்தை விலைக்கு வாங்கித் தோண்டலாம். ஆனால் கிடைக்கிற கல் 100 பணத்துக்கு மேல் பெறுமதி என்றால் அதை அரசன் விலை கொடுத்து எடுத்துக்கொள்வான். அதற்குக் கீழ் என்றால் எடுத்தவனுக்கே சொந்தம்.

கண்டி இராச்சியத்தில் நிலைமை இன்னும் கடுமை. இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் இங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதுகிறார்: மாணிக்கம் இருப்பது தெரிந்த இடங்களில் கூரான கழுமரங்கள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்கம் கால் வைத்தால் கழுவேற்றம் என்பதுதான் அர்த்தம். அரசனிடம் போதிய கல் இருந்ததாம், புதிதாகக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு அக்கறையும் இல்லையாம்.

அப்படியென்றால் அந்தக் காலத்தில் களவாகத் தோண்டப் போகிறவன் எத்தனை பேரோடு போவான்? இரண்டாவது ஆள் என்றால் இன்னொரு ஜோடிக் கை. அதே நேரம் இன்னொரு வாயும்தான். தடை எவ்வளவு கடுமையோ, கூட்டாளி மீதான பயமும் அவ்வளவு கடுமையாகிவிடும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்க. கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

தேடுவதற்கு ஒருவன், தோண்டுவதற்குப் பலர்

மாணிக்கம் இருக்கிற சரளை மண் படையை சிங்களத்தில் 'இல்லம' என்பார்கள், எங்களவர்கள் 'இல்லம்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். வீடு என்கிற இல்லம் இல்லை இது. பழைய ஆறு ஓடிய தடத்தில், கனமான கற்கள் தங்கிய படை. சில இடத்தில் சில அடியிலேயே வந்துவிடும். சில இடத்தில் பல பத்தடி கீழே போகவேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் பாவிக்கிற கருவி மிக எளிமையானது. நீளமான ஓர் இரும்புக் கம்பி. மண்ணுக்குள் குத்தி இறக்குவார்கள். களிமண் என்றால் வழுவழு என்று போகும். சரளையில் பட்டால் கர் என்று ஒரு உரசல். அனுபவசாலி அந்தச் சத்தத்தையும் கையில் வருகிற அதிர்வையும் வைத்தே கீழே என்ன இருக்கிறது என்று சொல்லுவார். இந்த வேலைக்கு ஒருத்தர் போதும். சொல்லப்போனால் ஒருத்தர்தான் சரி. பக்கத்தில் நாலு பேர் கதைத்துக்கொண்டிருந்தால் கம்பி சொல்வது கேட்காது.

ஆனால் கம்பி சொன்ன பிறகு தொடங்குகிற வேலை தனி ஆளுக்கு முடியாது. சதுரமாகக் குழி வெட்டவேண்டும். இறங்க இறங்க சுவரைத் தாங்க மரச்சட்டம் கட்டவேண்டும். சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் பன்னம், இலை தழை அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மண் கசிந்து கசிந்து ஒரு நாள் மொத்தமாக விழும். ஊறுகிற தண்ணீரை இடைவிடாமல் இறைக்கவேண்டும். வெட்டிய மண்ணை மேலே ஏற்ற ஆள் வேண்டும். கீழே இருக்கிறவனுக்குக் காற்று போதுமா என்று மேலே இருந்து குரல் கொடுக்க ஆள் வேண்டும். ஆற்றில் தேடுகிற முறையும் இப்படித்தான். ஆழமில்லாத வளைவில் அணை போல மறித்து, மிக நீளமான பிடி போட்ட மண்வெட்டிகளால் அடிச்சரளையை வரிசையாக நின்று இழுப்பார்கள். தனி ஆளை ஆறு தள்ளிக்கொண்டு போய்விடும்.

எடுத்த இல்லத்தைக் குவித்து வைத்து, ஒரு நாள் குறித்து, கூம்பு போன்ற கூடைகளில் போட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவுவார்கள். இலேசான மண்ணும் மணலும் வெளியே போகும், கனமானது அடியில் தங்கும். அந்த அடிக் கூடையைத்தான் கடைசியில் விரல்களால் கிளறிப் பார்ப்பது. அந்த நேரத்தில் பங்காளிகள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். அது ஏதோ சடங்கு என்று நினைக்காதீங்க. மாதக் கணக்கான உழைப்பு விரல் நுனியளவு கல்லில் வந்து முடிகிறது. அது ஒருவன் உள்ளங்கையில் மறைந்துவிடக்கூடிய அளவு. அதனால்தான் எல்லாக் கண்ணும் ஒரே கூடையில்.

பங்கு என்கிற கண்டுபிடிப்பு

எங்களுக்கு மாணிக்கத்தை விடவும் ஆச்சரியமாகப் பட்டது இந்தப் பங்கு முறைதான். பாரம்பரியக் குழிகளில் பெரும்பாலும் நாட்கூலி கிடையாது. நிலக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு ஒரு பங்கு, தண்ணீர்ப் பம்பு கொண்டுவந்தவருக்கு ஒரு பங்கு, செலவுக்குக் காசு போட்டவருக்கு ஒரு பங்கு, மிச்சம் குழியில் இறங்கி ஏறியவர்களுக்கு. கல் கிடைக்கும் வரைக்கும் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சக் காசும்தான். விகிதம் இடத்துக்கு இடம் மாறும், அமைப்பு இதுதான்.

ஒரு குழி முழுக்க வெறுமையாகப் போகலாம். அந்த நட்டத்தைத் தனி மனிதன் தாங்கமாட்டான். ஐந்தாறு பேருக்கும் நிலக்காரருக்கும் பம்புக்காரருக்கும் பிரிந்தால் எல்லோரும் கொஞ்சம் நொந்துகொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். கூட்டாளி என்பவர் லாபத்தைக் குறைக்கிறவர் என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. நட்டத்தையும் அவர்தான் குறைக்கிறார்.

இந்த முறையைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. காசு போட்டவருக்கு நாலைந்து குழிகளில் பங்கு இருக்கும், ஒன்று போனால் ஒன்று. குழியில் இறங்குகிறவனுக்கு இருப்பது ஒரே ஓர் உடம்பு. பெண்கள் குழிப் பக்கம் வரக்கூடாது என்கிற பழைய நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. குழி கைவிடப்பட்ட பிறகு மிஞ்சுகிற நட்டமோ பங்குக் கணக்கில் வராது. மூடாமல் விட்ட குழிகளில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகி, எலஹெரப் பகுதியில் மலேரியா ஒரு காலத்தில் ஆட்டிவைத்தது. 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்த மலேரியாவில் குழிக்குப் போகாத வீடுகளுக்கும் பங்கு கிடைத்தது.

இரண்டு பேர், ஒரு காடு

தனியா, கூட்டா என்ற கேள்விக்கு இந்தத் தீவில் மிக நீளமாக எழுதி வைக்கப்பட்ட பதில், கழுமரத்தைப் பற்றி எழுதிய அதே நொக்ஸிடம் இருக்கிறது. அவர் தேடியது கல் இல்லை, வழி.

1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலோடு பிடிபட்டபோது அவருக்கு வயது 19. அடுத்த ஆண்டு கூட இருந்த தந்தை இறந்துபோனார். கண்டி இராச்சியத்துக்குள் நடமாடலாம், ஆனால் வெளியேற முடியாது. நொக்ஸ் ஸ்டீபன் ரட்லண்ட் என்கிற இன்னொரு கைதியோடு சேர்ந்து சில்லறை வியாபாரம் தொடங்கினார். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான். இரண்டு பேரும் மூட்டை தூக்கிக்கொண்டு வடக்குப் பக்கம், அதாவது ஆட்கள் குறைவான நுவரகலாவியப் பக்கம், திரும்பத் திரும்பப் போய் வந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு வியாபாரி. உண்மையில் ஒவ்வொரு பயணமும் ஓர் ஆய்வு. எந்த ஊரில் காவல், எந்த வழியில் தண்ணீர், எங்கே ஊர் முடிந்து காடு தொடங்குகிறது என்று பார்த்து வைத்தார்கள். நடுவில் மழையில்லாத ஆண்டுகள் வந்து தண்ணீர் வற்றியதால் பயணங்கள் தடைப்பட்டன. அவசரப்படாமல் காத்திருந்தார்கள்.

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி புறப்பட்டார்கள். அநுராதபுரம் வரை வியாபாரிகளாகவே போய், பிறகு மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். முள் கிழித்தது. இரவில் மிருகங்களுக்குப் பயந்து நெருப்பு மூட்டினார்கள். தமிழ் பேசுகிற வன்னிப் பகுதிக்குள் வந்தபோது வழியில் கண்ட இரண்டு பிராமணர்கள் உதவினார்கள். ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்க் கரையில் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

இந்தக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்தியது கடைசி 27 நாட்கள் இல்லை, அதற்கு முந்திய ஆண்டுகள். நொக்ஸைச் சுற்றி வேறு ஆங்கிலேயரும் இருந்தார்கள். எல்லோரையும் அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரே ஆளோடு பல ஆண்டுகள் சிறிய பயணங்கள் போய், மூட்டை பகிர்ந்து, காசு பகிர்ந்து, இரகசியம் காத்து, அதன் பிறகுதான் அந்த ஒரு பெரிய பயணம். துணை கிடைக்கிற விஷயம் இல்லை, பழகிச் செய்கிற விஷயம் என்று இதை வாசித்தால் தோன்றுகிறது.

தூரத்து மூன்று கதைகள்

வெளி உலகத்தில் தங்கம் தேடியவர்களிடம் இதே கேள்விக்கு மூன்று விதமான பதில் இருக்கிறது.

முதலாவது அவுஸ்திரேலியாவின் லசிட்டர். நடுப் பாலைவனத்தில் பெரிய தங்கப் பாறையைக் கண்டதாகச் சொல்லி 1930இல் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஒரு பெரிய குழுவோடு கிளம்பினார். குழு கலைந்தது. கடைசியில் கூட இருந்தவர் ஒட்டகக்காரர் போல் ஜோன்ஸ் மட்டும்தான். தங்கத்தைக் கண்டுவிட்டேன் என்று லசிட்டர் சொல்ல, பொய் என்று ஜோன்ஸ் சொல்ல, சண்டை. ஜோன்ஸ் திரும்பிவிட்டார். தனியாகத் தொடர்ந்த லசிட்டரின் ஒட்டகங்கள் ஓடிப்போயின. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் கொஞ்ச நாள் அவரைக் காப்பாற்றினார்கள். 1931 ஜனவரியில் இறந்தார். தங்கப் பாறை இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

இரண்டாவது கனடாவின் குளொண்டைக். ரொபர்ட் ஹென்டர்சன் என்பவர் மலைக்கு ஒரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார். ஜோர்ஜ் கார்மக்கும் அவர் மனைவியின் உறவுகளான பழங்குடியினர் ஸ்கூகம் ஜிம், டோசன் சார்லி ஆகியோரும் அவரிடம் வந்தபோது, அந்தப் பழங்குடியினருக்குப் புகையிலை விற்கக்கூட அவர் மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1896 ஓகஸ்ட் 16ஆம் திகதி மலைக்கு மறுபக்கம் இந்த மூவரும் தங்கம் கண்டார்கள். ஹென்டர்சனுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. அவருக்குச் செய்தி எட்டியபோது நல்ல இடமெல்லாம் போய்விட்டது. ஒரு துண்டுப் புகையிலைக்கு இவ்வளவு விலை! ஆனால் கதை இங்கேயே முடியவில்லை. முதலில் கண்டது ஜிம்தான் என்று அவர் தரப்பு சொன்னது. கண்டுபிடித்தவருக்கு உரிய பங்கோ கார்மக்கின் பெயரில் பதிவானது.

மூன்றாவது எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ். 1851இல் நியூ சவுத் வேல்ஸில் ஜோன் லிஸ்டர் என்கிற இளைஞர் வழிகாட்ட, தங்கத் துகள்களைக் கண்டார். லிஸ்டருக்கும் டொம் சகோதரர்களுக்கும் தங்கம் அரிக்கும் தொட்டில் செய்யவும் கற்றுக்கொடுத்தார். இலாபம் தரக்கூடிய அளவு தங்கத்தை எடுத்தது அந்த இளைஞர்கள். பெயரைத் தட்டிக்கொண்டு போனது ஹார்கிரேவ்ஸ். அவருக்குப் பரிசு 10,000 பவுண், லிஸ்டருக்கும் டொம் சகோதரர்களுக்கும் சேர்த்து 1,000. உண்மையான கண்டுபிடிப்பாளர்கள் லிஸ்டரும் வில்லியம் டொமும் என்று பாராளுமன்றக் குழுவொன்று ஏற்றுக்கொள்ள 1890களாகிவிட்டது.

லசிட்டர் துணையை இழந்து செத்தார். ஹென்டர்சன் துணையாகக்கூடியவர்களை அவமதித்துத் தோற்றார். லிஸ்டரும் டொம் சகோதரர்களும் துணையை நம்பி ஏமாந்தார்கள். இவர்களில் கடைசி ஆட்களுக்குத் தேவைப்பட்டது இன்னொரு ஜோடிக் கை இல்லை, எழுத்தில் ஒரு பங்கு.

கூட்டம் இருந்தது, துணை இருந்ததா?

எங்கள் சொந்த வரலாற்றுக்கு வருவோம். பழைய தமிழ் வணிகர் காடு கடக்கும்போது 'சாத்து' என்று கூட்டமாகத்தான் போனார்கள். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களின் கல்வெட்டுகள் பதவியாவிலும் வாகல்கடவிலும் கிடைத்திருக்கின்றன. காவலுக்கு ஆள், நட்டத்துக்குப் பொறுப்பு, தகராறுக்குத் தீர்ப்பு, எல்லாம் அந்தக் குழுவுக்குள் இருந்தது.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் இதே தம்புள்ளை வழியாக இன்னொரு கூட்டம் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று கால்நடையாக வந்த வடக்குப் பாதை அது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கங்காணி. தனியாக வந்தவர்கள் குறைவு, ஆனாலும் பாதையோரத்தில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் பிடித்து நடக்க முடியாதவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போகப்பட்டார்கள். கூட்டத்துக்குத் தோட்டத்தை அடையவேண்டும். கடன் துண்டு கங்காணி கையில். விழுந்தவனுக்காக நின்றால் யாருக்கும் லாபமில்லை.

தனியா கூட்டா என்று கேட்பது போதாது என்று எங்களுக்கு விளங்கியது இந்த இடத்தில்தான். ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் இருக்கலாம், நூறு பேர் இருக்கலாம். நான் விழுந்தால் நிற்பது யார் என்பதுதான் கேள்வி. நிற்பவர்கள் இல்லாத கூட்டத்தில் நடந்தவன் தனியாகத்தான் நடந்தான்.

இன்றைய இரவுக் குழிகள்

1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் வந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம். அனுமதியோடு தோண்டினால் குழியை மூடவும் பொறுப்பு உண்டு. எலஹெரப் பக்கத்தில் பழைய நிலங்கள் கொஞ்சம் மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன, 2017இல் அதில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம் வஸ்கமுவ தேசிய பூங்கா, யானைக் காடு.

ஆனாலும் இரவில் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மலையகத்தில் பொகவந்தலாவ, கெசல்கமுவ ஓயாப் பக்கத்திலிருந்து சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு, கைது என்று செய்தி வராத காலம் இல்லை. தோட்டச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது, மேசன் வேலையும் எப்போதும் இல்லை. ஒரு கல் கிடைத்தால் வீடு கட்டலாம் என்று ஒரு மச்சான் கூப்பிட்டால் போகத்தான் மனம் வரும். அதைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் கழுமரக் காலத்துப் பயம் இப்போது வேறு உருவத்தில் வேலை செய்வதைப் பாருங்க. களவாகத் தோண்டுகிற குழியில் மரச்சட்டம் கட்ட நேரமில்லை. வெளிச்சம் காட்டமுடியாது. பம்புச் சத்தம் கேட்கக்கூடாது. பங்கை எழுத்தில் போடமுடியாது, ஏமாற்றினால் பொலிசுக்குப் போகமுடியாது. எல்லாவற்றையும் விட மோசமானது, மண் சரிந்தால் உதவிக்கு ஆள் கூப்பிடுவதா, ஓடுவதா என்று மேலே நிற்கிறவன் யோசிக்க வேண்டி வருகிறது. கூட்டாளியை ஒரு நொடியில் அந்நியனாக்கிவிடுகிற நிலைமை அது. அவன் கெட்டவனாக இருக்கத் தேவையில்லை, பயந்தவனாக இருந்தால் போதும்.

அதனால் சிறு குழிக்காரர்களுக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கவேண்டும், தோட்டத்து இளைஞர்களும் கூட்டாக விண்ணப்பிக்க வழி இருக்கவேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். காசுள்ளவர் பெயரில் பத்திரம், காசில்லாதவன் உடம்பு குழியில் என்று இருக்கும் வரைக்கும் பங்கு முறை பெயருக்குத்தான் பங்கு முறை.

அதுவரைக்கும், யாராவது கூப்பிட்டால் போகுமுன் மூன்று விஷயம் கேளுங்க. அனுமதிப்பத்திரம் யார் பெயரில்? என் பங்கு எவ்வளவு, அது எங்கே எழுதியிருக்கு? நான் கீழே இருக்கும்போது மேலே நிற்பது யார்? முதல் இரண்டுக்கும் பதில் பேப்பரில் இருக்கவேண்டும். மூன்றாவதுக்குப் பதில் ஒரு பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்குக் கொஞ்சமாவது தயக்கம் வந்தால், அன்றைக்குக் குழியில் இறங்காதீங்க.